விற்பவர் குரலும் குடிமக்கள் குரலும்



பேச்சுச் சுதந்திரம் யாருக்கு உரியது? இவ்வினாவை வகுப்பறையிலே கேட்டால், மனிதருக்கு உரியது என்று எந்த மாணவனும் தயங்காது விடை கூறுவான். ஆனால், கடந்த நூற்றாண்டிலே உலகின் பெரிய நீதிமன்றங்கள் பலவற்றுக்கு இவ்விடை அத்துணை எளிதாகக் கிடைக்கவில்லை. பிறப்பும் இறப்பும் அற்ற, நாவும் நெஞ்சும் அற்ற வணிகக் கம்பனிகள் நீதிமன்ற வாயிலில் வந்து நின்று, தமக்கும் பேச்சுரிமை உண்டென்றும், தமது பொருளின் சிறப்பைத் தாம் எடுத்துரைப்பதைத் தடுத்தல் ஆகாதென்றும் வாதாடின. அங்ஙனம் வாதாடியவற்றுள் முன்வரிசையில் நின்றவை சிகரட் கம்பனிகள். அவ்வழக்குகளின் வரலாற்றையும், அவ்வரலாறு நமது தீவிலே எந்த வடிவில் வந்து முடிந்தது என்பதையும் இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இது கொழும்பு வழக்கறிஞர்களின் விவகாரம். கரையோரத்தில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நெடுஞ்சாலையோரம் கோத்த மணிகள் போல அமைந்த நம்மூர்களிலே, பெட்டிக்கடை இல்லாத சந்தி ஒன்றில்லை. அக்கடையிலே மிட்டாய் வாங்க வரும் சிறுவனின் கண்ணில் எது படவேண்டும், எது படலாகாது என்பதைத் தீர்மானித்தவை அந்த வழக்குகளே. ஆதலின், இது நம் வீட்டு விவகாரமும் ஆகும்.

புகையிலையைப் பற்றிய சட்டங்கள் புதியன அல்ல. இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ் 1604ஆம் ஆண்டிலே புகையிலையைக் கண்டித்து நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார்; அதன் மீது பெரும் வரியும் விதித்தார். உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633ஆம் ஆண்டிலே புகைத்தலை முற்றாகத் தடை செய்து, மீறியோருக்கு மரண தண்டனையும் அளித்தார். அக்காலத்தே வாழ்ந்த காத்திப் செலபி என்னும் அறிஞர், 1656ஆம் ஆண்டில் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ என்னும் நூலிலே இவ்விவகாரத்தை ஆராய்ந்துள்ளார். தண்டனை கடுமையாகுந்தோறும் மக்களின் ஆசையும் வளர்ந்தது என்பது அவர் கண்ட உண்மை. புகைத்தல் ஹராமா, மக்ரூஹா, அன்றி ஆகுமானதா என்று உலமாக்கள் நெடுங்காலம் விவாதித்து வந்ததும் நாம் அறிந்ததே. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. அந்நாளைய ஆட்சியாளர் தண்டித்தது புகைப்பவரை. விற்பவரின் நாவை அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றாமைக்குக் காரணமும் இருந்தது. அக்காலத்தில் புகையிலைக்கு விளம்பரம் என்று ஒன்று இருக்கவில்லை.

நம் நாட்டு வரலாறும் அதையே காட்டுகின்றது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்று பெரும் பொருளை ஈட்டித் தந்தது. அதனை வாங்கியோர் இலையின் மணத்தையும் காரத்தையும் கண்டு வாங்கினர். வெற்றிலை வட்டாவில் புகையிலைத் துண்டு வைத்து விருந்தினரை உபசரித்த நம் பாட்டன்மாருக்கு, அதை வாங்குமாறு எந்தச் சுவரொட்டியும் சொல்லவில்லை.

இந்நிலையை மாற்றியது ஓர் இயந்திரம். சிகரட்டைக் கையால் சுற்றிய காலத்தில் தேர்ந்த தொழிலாளி ஒருவர் நிமிடத்திற்கு நான்கைந்துதான் சுற்றுவார். அமெரிக்கரான ஜேம்ஸ் பொன்சாக் என்பவர் 1881ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இயந்திரமோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சிகரட்டுகளைச் சுற்றித் தள்ளிற்று. ஒரே நாளில் ஓர் இயந்திரம் இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தி செய்தால், அத்தனையையும் வாங்குவோர் எங்கே? வாங்குவோர் இல்லையெனில் அவர்களை உண்டாக்க வேண்டும். அப்பணிக்கு வந்ததே விளம்பரம். வண்ணப் படங்களும், வீரர் உருவங்களும், அழகியரின் புன்னகையும் சிகரட்டின் துணைக்கு வந்தன. 1902ஆம் ஆண்டிலே ஆங்கில, அமெரிக்க முதலாளிகள் கூடிப் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனியை அமைத்தனர். அது 1906ஆம் ஆண்டிலே இலங்கையிற் காலூன்றியது. இலங்கைப் புகையிலைக் கம்பனி 1932ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது.

இனி, அவ்விளம்பரக் குரல் எவ்வாறு ஒலித்தது என்பதைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ரிச்சர்ட் டொல், பிராட்போர்ட் ஹில் என்னும் இரு அறிஞரும், அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் என்னும் இருவரும், சிகரட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்டனர். 1954ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி, அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் ஒன்றுகூடி 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை ஒன்றைப் பணங்கொடுத்து வெளியிட்டன. நோய்க்குச் சிகரட்டே காரணம் எனும் கூற்று நிரூபிக்கப்படவில்லை என்றும், மக்களின் சுகநலமே தமது முதற் கவலை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. 1964ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கை புற்றுநோய்க்குச் சிகரட் காரணமே என உறுதிப்படுத்திய பின்னரும், ஐயத்தை வளர்க்கும் அக்குரல் பல்லாண்டுகள் ஓயவில்லை. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, வாஷிங்டன் நகர நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் அம்மையார், கம்பனிகள் பல்லாண்டுகளாக மக்களை ஏமாற்றி வந்தன என்று தீர்ப்பளித்தார். உண்மையைத் தம் செலவிலேயே வெளியிடுமாறு அவற்றுக்கு ஆணையும் இட்டார். அவ்வெளியீடு பத்திரிகைகளில் வரத் தொடங்கியது 2017ஆம் ஆண்டிலேதான். 1954ஆம் ஆண்டின் முழுப்பக்க அறிக்கைக்கும் இதற்கும் இடையே 63 ஆண்டுகள் சென்றுவிட்டன.

பொய் சொல்லும் குரலுக்கும் சுதந்திரம் உண்டா என்ற கேள்வி இவ்விடத்தில் எழுகின்றது. இக்கேள்விக்கு நாடுகள் தந்த விடைகள் ஒரே தன்மையன அல்ல.

அமெரிக்காவை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1942ஆம் ஆண்டிலே, வெறும் வணிக விளம்பரத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லையென்று கூறிற்று. வானொலி நேயர்களாகிய நீங்கள் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று அதன் பின் வருகின்றது. 1967ஆம் ஆண்டிலே, இளம் வழக்கறிஞர் ஒருவரின் முறையீட்டை ஏற்ற அமெரிக்க ஒலிபரப்பு ஆணைக்குழு, சிகரட் விளம்பரம் செய்யும் நிலையங்கள் அதன் தீமையை எடுத்துரைப்போருக்கும் கணிசமான நேரத்தை ஒதுக்க வேண்டும் என்று பணித்தது. மறுமொழி கூறும் வாய்ப்புக் கிடைத்ததும் நிகழ்ந்தது என்ன? ஆளுக்கு ஆள் புகைக்கும் அளவு குறையத் தொடங்கிற்று. தம் குரலுக்கு எதிர்க்குரல் எழுவதைக் காட்டிலும், வானலையை விட்டே விலகுதல் நலம் எனும் நிலைக்குக் கம்பனிகள் வந்தன. 1971ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி முதல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. புத்தாண்டு நாளின் விளையாட்டு ஒளிபரப்புகளுக்காக ஒரு நாள் தவணை கொடுக்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒலிபரப்பாளர் சிலர் பேச்சுரிமையின் பேரால் வழக்குத் தொடுத்துத் தோற்றனர்.

எனினும், 1976ஆம் ஆண்டிலே அதே அமெரிக்க உயர் நீதிமன்றம் தன் பழைய கொள்கையை மாற்றிற்று. மருந்தின் விலையை விளம்பரப்படுத்தத் தடை விதித்த வர்ஜீனியா மாநிலச் சட்டத்தை அது செல்லாததாக்கியது. எந்தக் கடையில் மருந்து மலிவு என்பதை அறிவது ஏழைக்குத் தேவை என்பது அத்தீர்ப்பின் கருத்து. நல்ல நோக்கத்தோடு திறந்த அவ்வாயில் வழியாகப் புகையிலைக் கம்பனிகளும் நுழைந்தன. பாடசாலைக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் 1,000 அடி எல்லைக்குள் வெளிப்புற விளம்பரம் வைக்கலாகாது என்று மசாசுசெட்ஸ் மாநிலம் விதித்தது. சுருட்டையும் மெல்லும் புகையிலையையும் பொறுத்தவரை அவ்விதி பேச்சுரிமைக்கு முரண் என்று 2001ஆம் ஆண்டிலே அந்நீதிமன்றம் தீர்த்தது. பெருநகரங்களின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அவ்வெல்லைக்குள் அடங்கிவிடும் என்பது காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. பாடசாலைகள் அத்துணை நெருக்கமாக இருப்பதே சிறுவரைக் காப்பதற்குத் தடையாக வந்து நின்ற விந்தையை என்னென்பது!

அயல்நாடாகிய இந்தியாவில் வழி வேறாக அமைந்தது. 1954ஆம் ஆண்டிலே இந்தியப் பாராளுமன்றம், தீராத நோய்களைத் தீர்ப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களைத் தடை செய்து சட்டமியற்றிற்று. ‘ரூஹ் அஃப்ஸா’ என்னும் பானத்தால் நம்மவரும் நன்கறிந்த தில்லி ஹம்தர்த் தவாகானா என்னும் யூனானி மருந்து நிறுவனம், அச்சட்டத்தை எதிர்த்து இந்திய உச்ச நீதிமன்றம் சென்றது. 1959ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த தீர்ப்பு இரண்டு பக்கம் கொண்டது. பொருளை விற்பதற்காகச் செய்யும் விளம்பரம், கருத்தைப் பரப்பும் பேச்சு ஆகாது. ஆதலால் அதனைத் தடுக்கலாம் என்பது ஒரு பக்கம். எந்தெந்த நோயையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று எல்லையின்றி அரசாங்கத்துக்குக் கொடுத்த அதிகாரமும், அதிகாரிகள் பொருளைக் கைப்பற்றுவதற்குக் கொடுத்த கட்டற்ற அதிகாரமும் செல்லா என்பது மறுபக்கம். விற்பவரின் குரலைச் சட்டம் அளக்கலாம். ஆனால் அளவுகோலை அதிகாரியின் கையில் அளவின்றிக் கொடுத்தல் ஆகாது. இவ்விரண்டாம் பக்கத்தை நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் 1995ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் வணிகப் பேச்சுக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டென்று கூறியபோதும், 2003ஆம் ஆண்டில் இந்தியா புகையிலை விளம்பரத்தைச் சட்டத்தால் தடை செய்தது.

கனடாவின் கதை மூன்றாவது பாடத்தைத் தருகின்றது. 1988ஆம் ஆண்டிலே அந்நாடு புகையிலை விளம்பரத்தை முற்றாகத் தடுத்தது. கம்பனிகள் வழக்காடின. 1995ஆம் ஆண்டு செப்ரெம்பரில், ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அத்தடையின் முக்கிய பகுதிகள் செல்லா என்று தீர்ப்பாயிற்று. முழுத் தடையைக் காட்டிலும் மென்மையான வழிகள் ஏன் போதா என்பதை அரசு நிரூபிக்கவில்லை. அதுபற்றித் தன்னிடமிருந்த ஆவணங்களையும் நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லை என்பது காரணம். அரசு சினங்கொள்ளவில்லை. 1997ஆம் ஆண்டிலே புதுச் சட்டம் எழுதிற்று. பொருளைப் பற்றிய உண்மைத் தகவலைச் சொல்ல இடங்கொடுத்து, சிகரட்டை வீரத்தோடும் அழகோடும் செல்வ வாழ்வோடும் இணைத்துக் காட்டுவதையும், இளைஞரைக் கவர்வதையும் தடுத்தது. 2007ஆம் ஆண்டிலே கனடா உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாக ஏற்றது. பெட்டியின் பாதியை எச்சரிக்கைக்கு ஒதுக்கும் விதியும் நிலைத்தது.

நேயர்களே, இம்மூன்று நாடுகளையும் சுற்றி வந்தது, நமது தீவிலே நிகழ்ந்ததை விளங்கிக்கொள்வதற்காகவே.

1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதியை நம்மில் யார் மறப்பர்? லாகூர் மைதானத்திலே அர்ஜுன ரணதுங்கவின் அணி அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தை ஏந்தியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேற்றுமை பாராது நாடே மகிழ்ந்தது. அக்கிண்ணத்துக்கு அன்று இருந்த பெயர் என்ன? ‘வில்ஸ்’ உலகக் கிண்ணம். ‘வில்ஸ்’ என்பது சிகரட்டின் பெயர். நம் பிள்ளைகள் வாழ்நாளில் மறவாத மகிழ்ச்சியொன்றின் நெற்றியிலே சிகரட்டின் பெயர் எழுதப்பட்டிருந்தது. வாங்குங்கள் என்று ஒரு சொல்லும் சொல்லாமலே விளம்பரம் தன் வேலையைச் செய்யவல்லது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை, ஒவ்வொரு நாடும் தன் அரசியலமைப்புக்கு இசைய விளம்பரத்தையும் அனுசரணையையும் முழுமையாகத் தடுக்குமாறு கேட்கின்றது. ‘அரசியலமைப்புக்கு இசைய’ என்னும் தொடர், பேச்சுரிமை பற்றிய வழக்குகளை எண்ணியே இடப்பட்டது. இலங்கையில் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டமாகப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் நிறைவேறி, டிசம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நீதிபதி கெஸ்லர் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டிலேயே. விளம்பரமும் விளையாட்டு அனுசரணையும் தடுக்கப்பட்டன; 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பனை செய்வதும், மூடப்பட்ட பொது இடங்களிற் புகைப்பதும் குற்றமாயின.

நமது அரசியலமைப்பு இதற்கு இடந்தருகின்றதா? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே, 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை ‘ஒவ்வொரு பிரஜைக்கும்’ உரியதாக வழங்குகின்றது. 15ஆம் உறுப்புரையின் ஏழாம் பந்தி, சட்டத்தினால் விதிக்கப்படும் கட்டுப்பாடுகளுக்கு அதனை உட்படுத்துகின்றது. அக்கட்டுப்பாடுகளுக்குரிய காரணங்களாகத் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்பவற்றின் அருகிலே, பொதுமக்களின் சுகநலத்தையும் அப்பந்தி பெயர் கூறிக் குறிப்பிடுகின்றது. அமெரிக்க அரசியலமைப்பில் இத்தகைய வாசகம் இல்லை. அதனாலேதான் அங்கு நீதியரசர் படும் பாடு அத்துணை பெரிதாகின்றது.

இனி வழக்குக்கு வருவோம். விளம்பரப் பலகைகள் இறங்கிய பின்னர் கம்பனிக்கு எஞ்சியிருந்த ஒரே விளம்பரப் பலகை சிகரட் பெட்டி. 2012ஆம் ஆண்டிலே, அன்றைய சுகாதார அமைச்சர் மைத்திரிபால சிறிசேன, பெட்டியின் பரப்பில் நூற்றுக்கு 80 வீதத்தை நோயின் படங்களோடு கூடிய எச்சரிக்கைக்கு ஒதுக்குமாறு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டார். இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் சென்றது. இலங்கையிலே பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அதன் பின்னர் நீதிமன்றத்திற் கேள்விக்குட்படுத்த இயலாது. சட்டமூலமாக இருக்கும்போதே அதனை எதிர்த்தல் வேண்டும். ஆனால், அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதியை எதிர்க்கலாம். ஆகவே, வழக்கின் முதன்மையான கேள்வி அமைச்சரின் அதிகார எல்லை எது என்பதாயிற்று. 2014ஆம் ஆண்டிலே, படத்தோடு கூடிய எச்சரிக்கை இருக்கலாம், எனினும் அதன் பரப்பு 50 முதல் 60 வீதம் வரையே அமைதல் வேண்டும் என்னும் முடிவு மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே வந்தது.

அதன் பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் திருப்பம். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் முன்னாட் சுகாதார அமைச்சரே நாட்டின் ஜனாதிபதியானார். அவ்வாண்டின் 3ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் பாராளுமன்றமே 80 வீதம் என்பதைச் சட்டத்தின் உடலிற் பொறித்தது. 2015ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி முதல் பெட்டியின் முன்னும் பின்னும் அவ்வெச்சரிக்கை தோன்றலாயிற்று. அமைச்சரின் பேனாவால் முடியாதது, மக்கள் பிரதிநிதிகளின் வாக்கினால் முடிந்தது.

இதனைச் சிலர் அரசின் வெற்றி என்றும் கம்பனியின் தோல்வி என்றும் மட்டும் கூறுவர். என் கருத்தில், இதனுள்ளே வேறொரு நன்மை இருக்கின்றது. கம்பனி தன் வாதத்தைத் தடையின்றிக் கூறிற்று. நீதிமன்றம் அதனைச் செவிமடுத்தது. அமைச்சரின் கையை அளவோடு பிடித்தது. பின்னர் பாராளுமன்றம் பகிரங்கமாக விவாதித்துத் தீர்மானித்தது. எந்தப் படியும் இருட்டில் நிகழவில்லை.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சுகநலத்தைக் காரணங்காட்டும் அதே பந்தியிலேதான் தேசியப் பாதுகாப்பும் பொது ஒழுங்கும் நிற்கின்றன. அப்பந்தியின் இறுதி வாக்கியம், பாதுகாப்புத் தொடர்பான ஒழுங்குவிதிகளையும் ‘சட்டம்’ என்றே கருதச் சொல்கின்றது. கிழக்கு மாகாணத்தில் வாழும் நாம் பல்லாண்டுகள் அவசரகால விதிகளின் நிழலில் வாழ்ந்தவர்கள். பத்திரிகைக்குத் தணிக்கை விதிக்கப்பட்டதையும், கூட்டத்திற்குத் தடை விதிக்கப்பட்டதையும் கண்டவர்கள். ஆதலின், குரலொன்றை அடக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கும்போது, அக்குரல் நமக்கு ஒவ்வாதது என்ற காரணத்தால் மட்டும் நாம் மகிழ்ந்துவிடலாகாது. இன்று விற்பவர் குரலை அளக்கும் கோல், நாளை ஆசிரியரின் குரலையோ, விவசாயியின் குரலையோ அளக்க வந்தால் என் செய்வோம்?

இவ்வச்சத்திற்கு விடை நமது நீதிமன்றத்திலேயே கிடைக்கின்றது. 1996ஆம் ஆண்டிலே, கிண்ணத்தை வென்ற அதே ஆண்டிலே, உயர் நீதிமன்றம் வானொலி நேயர் ஒருவரின் வழக்கைத் தீர்த்தது. தாம் பங்குகொண்டு வந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சியை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இடைநடுவில் நிறுத்திவிட்டது என்பது அவரது முறைப்பாடு. அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர் அல்லர். நிகழ்ச்சியிலே பங்குகொண்டு பேசியவர். ஆதலால் அவரது பேச்சுரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கூறிற்று. அடுத்த ஆண்டிலே, ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அரசிலிருந்து சுதந்திரமாக இயங்காத ஒரு சபையின் கையிலே ஒலிபரப்பை ஒப்படைத்தல் பேச்சுச் சுதந்திரத்திற்கு முரண் என்று அந்நீதிமன்றமே தடுத்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் சிகரட் வழக்கின் அருகே வைத்துப் பாருங்கள், வேற்றுமை தெளிவாகும். கேட்பவரும் பேசலாம், மறுக்கலாம், கேள்வி எழுப்பலாம் என்ற நிலையுள்ள பேச்சையே நீதிமன்றம் அரணாக நின்று காத்தது. விளம்பரமோ மறுமொழியை ஏற்காத பேச்சு. சந்தியில் நிற்கும் பலகையோடு பத்து வயதுச் சிறுவன் வாதாட இயலுமா? மைதானத்தின் எல்லைக்கோட்டில் எழுதிய பெயரிடம் அதன் தீமையைக் கேட்டறிய இயலுமா? அமெரிக்க வானொலியிலே மறுமொழிக்கு நேரம் ஒதுக்கப்பட்டவுடன் விளம்பரம் தானே விலகிச் செல்ல முற்பட்டதை முன்னர் கண்டோம். மறுமொழிக்கு அஞ்சி விலகும் பேச்சுக்கும், மறுமொழியால் வளரும் பேச்சுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்தல் நீதி ஆகாது.

எனவே, விற்பவர் குரலை அடக்கும் சட்டம் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டதாதல் வேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு. முதலாவது, அது மக்கள் பிரதிநிதிகள் பகிரங்கமாக இயற்றிய சட்டமாதல் வேண்டும். இதை ஹம்தர்த் வழக்கும் நமது 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் கற்பிக்கின்றன. இரண்டாவது, தீமை சான்றுகளால் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். இதைக் கனடா கற்பிக்கின்றது. புகையிலையைப் பொறுத்தவரை, உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதனால் மடிகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூன்றாவது, தடை விற்பனைத் தூண்டுதலோடு நின்றுவிடுதல் வேண்டும். வரியைப் பற்றிக் கம்பனி முறையிடட்டும். சட்டத்தை எதிர்த்து வழக்காடட்டும். புகையிலை பயிரிடும் விவசாயி தன் கஷ்டத்தைப் பத்திரிகையில் எழுதட்டும். அவை பொதுவாழ்வுக்குரிய பேச்சுகள். அவற்றிற்கு எவரும் மறுமொழி கூறலாம்.

ஆயினும், சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. பெட்டியில் 80 வீதம் எச்சரிக்கை இருக்கின்றது. ஆனால் பெட்டிக்கடைகளிலே ஒற்றைச் சிகரட்டாக வாங்கும் வழக்கம் நாடெங்கும் நெடுநாள் வேரூன்றியது. ஒன்றை மட்டும் வாங்கும் இளைஞனின் கைக்கு எச்சரிக்கைப் படம் வருவதில்லை. பீடிக்கும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கும் பலகை விளம்பரம் என்றுமே பெரிதாகத் தேவைப்படவில்லை. தந்தையின் பழக்கமே மகனுக்கு விளம்பரமாகின்றது. கைத்தொலைபேசித் திரையிலே கடல் கடந்து வரும் படங்களையும் பாடல்களையும் நம் நாட்டுச் சட்டம் முழுவதும் தடுத்துவிட இயலாது. அறுவடைக் காலத்திலே வயலில் இளைஞர் கூடியிருக்கும்போதும், கரைவலை இழுத்த பின் மணலில் அமர்ந்து இளைப்பாறும்போதும் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும் சிகரட்டுக்கு எந்த வர்த்தமானியும் மறுமொழி ஆகாது.

அவ்விடங்களிலே பேச வேண்டியவர்கள் நாமே. பாடசாலைகளில் ஆசிரியரும், பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் பெரியோரும், வீடுகளில் தாய்தந்தையரும் மறுமொழி கூறுதல் வேண்டும். புகைப்பவரைத் தண்டித்த சுல்தான் முராதின் வழி பயன் தரவில்லை. வெறும் தடையும் முழுப் பயனைத் தராது. மாணவனிடம் புகைக்காதே என்று கட்டளையிடுவதோடு அமையாது, உன் கையிலுள்ள இதனை விற்க ஒரு நூற்றாண்டுக் காலம் யார் யார் என்னென்ன சொன்னார்கள், எவற்றை மறைத்தார்கள் என்று வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். ஏமாற்றப்பட்டோம் என்பதை அறியும் இளைஞன், கட்டளைக்குப் பணியும் இளைஞனிலும் உறுதியாக நிற்பான்.

நமது அரசியலமைப்பு பேச்சுச் சுதந்திரத்தைப் பிரஜைக்கு என்றே எழுதி வைத்திருக்கின்றது. விற்பவரின் குரலுக்குப் பாராளுமன்றம் எல்லை வகுத்துவிட்டது. அவ்வெல்லை மீறப்படாமலும், அதே கோல் நம் குரலின் மேல் நீளாமலும் காத்துக்கொள்ளும் பொறுப்பு, இச்சுதந்திரத்தின் உரிமையாளராகிய நேயர்கள் ஒவ்வொருவருக்கும் உரியது.